பால் டின்னின் இரண்டாவது துளை



கடந்த ஒன்றரை மாதமாக இப்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. நலமா என்று விசாரித்த ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் நன்றி. நலமே. வீட்டில் குளியலறையை உடைத்துக் கட்டினோம். பிறகு அதே குளியலறையை மீண்டும் உடைத்துக் கட்டினோம். இரண்டாம் முறை உடைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதைத்தான் இன்று எழுத விழைகிறேன். குளியலறை வடிகாலைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். அண்மையில் வீட்டைப் புதுப்பித்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

எங்கள் வீடு தாமானில் உள்ள ஒற்றை மாடி வரிசை வீடு. முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டது. கழிவுநீர் பின்சந்திலுள்ள மேன்ஹோல் வழியாகப் பொதுக் கழிவுநீர்க் குழாயில் சேர்கிறது. அம்மாவுக்கு வயது 78. தோட்டத்து லயத்தில் பிறந்து, பொதுக்குழாயடியில் குளித்து, தூரத்துக் கழிப்பறைக்குக் கையில் வாளியுடன் நடந்து வாழ்ந்தவர். சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வாக்கர் துணையோடு நடக்கிறார். நம் ஊர்க் குளியலறைகளின் வாசலில் இரண்டு அங்குலப் பள்ளம் இருக்கும் அல்லவா? அந்த இறக்கம் அவருக்கு மலையிறக்கமாகிவிட்டது. ஆகவே தரையை உயர்த்திப் படியை நீக்குவது, சுவரில் கைப்பிடிகள் பொருத்துவது, வழுக்காத டைல்ஸ் பதிப்பது, சன்னலோரம் இருந்த ஷவரைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கழிப்பறைப் பீங்கானுக்கு அருகில் மாற்றுவது என்று திட்டமிட்டோம்.

குத்தகையாளரின் பெயர் இங்கு வேண்டாம். ஒன்பது நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார். பார்ப்பதற்குத் தங்குவிடுதிக் குளியலறையைப் போலிருந்தது. இரண்டாம் வாரத்தில் வாடை தொடங்கியது. அழுகிய முட்டையின் வாடை. கழிப்பறை நீரை இழுத்துவிட்டால் தரையிலிருந்த வடிகால் மூடிக்குள்ளிருந்து ‘குபுக், குபுக்’ என்று ஓசை வரும். சில நிமிடங்களில் வாடையும் வரும். காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டால் குறைய வேண்டிய வாடை, மாறாகக் கூடியது. இதுதான் எனக்குப் பெரும் புதிராக இருந்தது.

குத்தகையாளரிடம் சொன்னோம். “புதுச் சிமெண்டு அப்படித்தான் இருக்கும், வெளுப்பு மருந்து ஊற்றுங்கள்” என்றார். இந்த அறிவுரையைப் பல வீடுகளில் கேட்கிறேன். புதுச் சிமெண்டுக்கு முட்டை வாடை கிடையாது. வெளுப்பு மருந்து அழுக்கை நீக்கும். காற்று வரும் வழியை அது அடைக்காது. அதைவிட முக்கியமாக, கழிப்பறைக் கறை நீக்கும் அமிலத்தோடு வெளுப்பு மருந்து கலந்தால் குளோரின் வாயு உண்டாகும். சன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. செப்டிக் தொட்டி உள்ள வீடுகளில் வெளுப்பு மருந்தை அளவின்றிக் கொட்டினால், தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் மடியும்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. மகன் செலவு செய்து கட்டியதைக் குறை சொல்வதற்கு அவருக்கு மனம் வராது. “இன்னைக்கு ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குய்யா, நாளைக்குக் குளிக்கிறேன்” என்பார். மறுநாளும் அதையே சொல்வார். நாளுக்கு இரண்டு முறை குளித்துப் பழகியவர் இரண்டு நாளுக்கு ஒரு முறை குளிக்கலானார். மூன்றாம் ஆண்டில் பயிலும் என் மகள்தான் உண்மையை உடைத்தாள். “பாட்டி மூக்கப் பொத்திக்கிட்டுக் குளிக்கிறாங்கப்பா.”

ஒரு கையால் மூக்கைப் பொத்தினால் கைப்பிடியைப் பற்றுவதற்கு ஒரு கைதான் மிச்சம். அந்தக் கையால்தான் சோப்பும் போட வேண்டும். அப்படியானால் கைப்பிடியைப் பற்றக் கையே இல்லை. முறிந்த இடுப்போடு ஈரத் தரையில் கைப்பிடியின்றி நிற்கும் என் தாயை அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். வாடை ஓர் அசௌகரியம் மட்டுமே என்று அதன்பின் என்னால் கருத முடியவில்லை.

குளியலறைத் தரையில் துளையிட்ட மூடியொன்று இருக்கும். அதன் கீழே உள்ள அமைப்பைக் குழாய்க்காரர்கள் ‘புளோர் டிராப்’ என்பார்கள். குளித்த நீர் அதன் வழியே வெளியேறுகிறது என்பது நாம் அறிந்ததே. அதற்கு இன்னொரு பணியும் உண்டு. குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்குமாறு செய்திருப்பார்கள். கழிவுநீர் அதைக் கடந்து போகலாம். கழிவுக் குழாயில் உள்ள காற்று அதைக் கடந்து வீட்டுக்குள் வர முடியாது. இதை நீர்ப்பூட்டு என்று சொல்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் தெரிவியுங்கள். கழிப்பறைப் பீங்கானில் எப்போதும் நீர் நிற்பதும், கைகழுவும் தொட்டியின் கீழே குழாய் பாம்புபோல் வளைந்திருப்பதும் இதே காரணத்தால்தான். 1775ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி, எஸ் வடிவில் வளைந்த குழாயுடன் கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வளைவு இல்லாமல் வீட்டுக்குள் கழிப்பறை வைப்பதென்பது சாக்கடையை வீட்டுக்குள் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

இந்தப் பூட்டு மிக மெலிதானது என்பதைப் பலர் உணர்வதில்லை. முறையான புளோர் டிராப்பில் நீர்ப்பூட்டின் ஆழம் 50 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரைத் தாங்கும். அப்படியானால் 50 மில்லிமீட்டர் நீர் தாங்கக்கூடிய அழுத்த வேறுபாடு வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்குதான். குழாய்க்குள் அழுத்தம் அவ்வளவு சிறிது மாறினாலும் பூட்டு ஆட்டங்கண்டுவிடும். அறிவியல் ஆசிரியர்கள் இந்தக் கணக்கை மாணவர்களைக்கொண்டு போடவைக்கலாம்.

எங்கள் வீட்டில் பூட்டு திறந்துகொள்கிறதா என்று பார்க்கச் சாத்தே குச்சி ஒன்றே போதுமாயிருந்தது. மூடியை எடுத்துவிட்டு ஒரு வாளி நீரை ஊற்றினேன். குச்சியை விட்டு நனைந்த அளவைக் குறித்துக்கொண்டேன். மூடியை மீண்டும் வைத்து, கழிப்பறை நீரை இரண்டு முறை இழுத்துவிட்டு, மறுபடியும் குச்சியை விட்டுப் பார்த்தேன். முன்பு இரண்டரை சென்டிமீட்டர் இருந்தது, இப்போது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. யாரோ உள்ளிருந்து உறிஞ்சிக் குடித்ததைப் போலிருந்தது. அடுத்து, மெல்லிய தாள் துண்டை நூலில் கட்டி மூடிக்கு மேலே பிடித்துக்கொண்டு விசிறியைப் போடச் சொன்னேன். தாள் மேல்நோக்கிப் படபடத்தது. விசிறியின் புதிர் அப்போது அவிழ்ந்தது. அறையிலிருந்து வெளியேறும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தோ காற்று வந்தாக வேண்டும். கதவையும் சன்னலையும் சாத்தியிருந்ததால் அது சாக்கடையிலிருந்து வந்தது. (ஊதுபத்தி கொளுத்திச் சோதிக்கச் சிலர் சொல்வதுண்டு. கழிவுக் குழாய்க் காற்றில் மீத்தேன் கலந்திருக்கலாம். அதனருகே நெருப்பு வேண்டாம்.)

இந்தச் சோதனையின்போது இன்னொன்றும் தெரிந்தது. குத்தகையாளர் வைத்திருந்தது வளைவுக் குழாய் அன்று. ஒரு கிண்ணமும், அதன்மேல் கவிழ்த்த சிறு மணி போன்ற நெகிழித் துண்டும் கொண்ட மலிவான வகை. இவ்வகையில் நீர்ப்பூட்டின் ஆழம் மிகக் குறைவு. அந்த மணியில் முடி சிக்கிக்கொள்வதால், நீர் விரைவாக வடியட்டும் என்று பலர் அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். மணியைக் கழற்றினால் பூட்டே இல்லை. உங்கள் வீட்டுக் குளியலறை மூடியை இன்று ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தரையை உயர்த்தியதால் ஆழமான வளைவுக் குழாய் வைப்பதற்கு முன்பைவிட இடம் கூடுதலாகவே இருந்தது. அந்த இடத்தையெல்லாம் சிமெண்டு கொட்டி நிரப்பியிருந்தார்கள். என்ன சொல்வது!

நீரை உறிஞ்சியது யார் என்பதைக் கண்டுபிடித்தவர் எழுபது வயதைக் கடந்த சீனக் குழாய்க்காரர் ஒருவர். நண்பர் ஒருவரின் பரிந்துரையில் வந்தார். மிதிவண்டியில் வந்து இறங்கியவர், குளியலறைக்குள் சென்று கழிப்பறை நீரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே பின்சந்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். நானும் அருகில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வரிசையில் உள்ள ஒவ்வொரு வீட்டின் கூரைக்கு மேலும் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கூரை மட்டும் மொட்டையாக இருந்தது.

“சிக்கு, பைப் மானா?” என்றார்.

அந்தக் குழாய் கூரையைத் துளைத்துச் செல்லும் இடத்தில் மழைநீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குத்தகையாளர் புதுக் கூரைப்பலகை அடித்தபோது அந்தக் குழாயை அறுத்து மூடியிட்டு, ஓட்டையைப் புது ஓட்டால் மூடிவிட்டார். அதனுள் நீர் ஓடவில்லை, ஆகவே பயனற்ற பழைய குழாய் என்று எங்களிடமும் சொல்லியிருந்தார். ஒழுகலும் நின்றது. பெரியவர் தலையை ஆட்டினார். “ஆங்கின் தாடா, ஆயெர் மாச்சாம் மானா மாவ் ஜாலான்?” காற்று இல்லாமல் நீர் எப்படி நடக்கும் என்பது அதன் பொருள்.

இதைக் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்குத்தான் சற்று நேரம் பிடித்தது. “பால் டின்னுல ஒரு ஓட்ட போட்டா பால் ஊத்துமாய்யா? எதிர்ப்பக்கம் இன்னொன்னு குத்தணும்ல?” என்றார்.

கெட்டிப்பால் டின்னைத் திறந்தறிந்த மலேசியத் தமிழருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் பால் சொட்டும், நிற்கும், விக்கும், மறுபடி சொட்டும். எதிர்ப்புறம் இன்னொரு துளையிட்டவுடன் தாரையாக ஊற்றும். வெளியேறும் பாலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வருவதற்கு வழி வேண்டும். ஒற்றைத் துளையில் அந்தக் காற்று, பால் வெளியேறும் வழியிலேயே முட்டிமோதி உள்ளே வருகிறது. அந்த முட்டல்தான் எங்கள் குளியலறையில் கேட்ட ‘குபுக்’.

கழிப்பறை நீரை இழுத்துவிடும்போது ஆறேழு லிட்டர் நீர் ஒரே மூச்சில் நான்கு அங்குலக் குழாய்க்குள் பாய்கிறது. அது குழாயை அடைத்துக்கொண்டு ஓடும் நேரத்தில், பீச்சாங்குழலின் அடைப்பானைப் போல முன்னால் உள்ள காற்றைத் தள்ளுகிறது, பின்னால் உள்ள காற்றை இழுக்கிறது. கூரைக்கு மேல் செல்லும் காற்றுப்போக்கிக் குழாய் திறந்திருந்தால், இழுக்கப்படும் காற்று வானத்திலிருந்து இறங்கி வரும், தள்ளப்படும் காற்று வானத்துக்கே போகும். அந்த வழியை அடைத்துவிட்டால், காற்று அகப்பட்ட வழியில் நுழையும். எங்கள் வீட்டில் மிக அருகில் அகப்பட்டது, புதிதாக மாற்றிவைத்த ஷவரின் வடிகால். அதில் இருந்த நீர்ப்பூட்டோ இரண்டு சென்டிமீட்டர்தான். ஒரே இழுப்பில் நீர் போய்விடும். பிறகு யாராவது குளிக்கும்வரை சாக்கடைக்கும் வீட்டுக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை.

இதில் நாற்றத்தைத் தவிர வேறு கேடுண்டா என்று ஒரு நண்பர் கேட்டார். உண்டு. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் பரவியபோது, ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் ஒரே கட்டடத்தைச் சேர்ந்தவர்கள். அங்கு நடந்த விசாரணை சுட்டிய காரணங்களுள் முதன்மையானது குளியலறைத் தரை வடிகால். மக்கள் தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்து வந்ததால் பல வீடுகளில் வளைவுக் குழாய் வறண்டு கிடந்தது. காற்றை வெளியேற்றும் விசிறி, கழிவுக் குழாயிலிருந்த நோய்த்துளிகளை அந்த வறண்ட வழியாக வீட்டுக்குள் இழுத்திருக்கக்கூடும் என்று முடிவு செய்தனர். 2020 பிப்ரவரியில், கோவிட் பரவத் தொடங்கிய நாள்களில், அதே ஹாங்காங்கின் சிங் யீ பகுதி அடுக்ககம் ஒன்றில் பத்து மாடி இடைவெளியில் இருந்த இரு வீடுகளில் நோய் கண்டது. கீழ்வீட்டுக் குளியலறையில் காற்றுப்போக்கிக் குழாய் சரியாக மூடப்படாமல் இருந்ததைக் கண்ட அதிகாரிகள், நூற்றுக்கும் மேற்பட்டோரை இரவோடு இரவாக வெளியேற்றினர். ஒற்றை மாடி வீட்டில் வாழும் நமக்கு அத்தகைய பேராபத்து குறைவுதான். ஆயினும் விசிறியின் முன் படபடத்த தாள் துண்டைப் பார்த்தபோது எனக்கு அமோய் கார்டன்ஸ்தான் நினைவுக்கு வந்தது.

இனி, சீர்செய்த கதை. பெரியவர் மூன்று வேலைகள் செய்தார். முதல் வேலை கூரையில். அறுத்த குழாயின் மூடியை எடுத்து, புதுக் குழாய் இணைத்துக் கூரைக்கு மேல் உயர்த்தினார். ஓட்டைத் துளைக்கும் இடத்தில் ஈயத்தகட்டை மடித்துப் பொருத்தினார். முப்பது ஆண்டு ஒழுகலுக்குத் தேவைப்பட்ட மருந்து அவ்வளவுதான். குழாயின் வாயில் கொசு நுழையாதபடி மெல்லிய வலையைக் கட்டினார். கூரைக்கு மேல் போகாமல், சுவருக்குள்ளேயே வைக்கக்கூடிய காற்று வால்வு ஒன்று கடைகளில் கிடைக்கிறதே என்று கேட்டேன். அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. ஆகவே இழுப்புக்கு மருந்தாகும், தள்ளலுக்கு ஆகாது. மேலும் அதிலுள்ள ரப்பர் பழுதானால் வாடை நேரே வீட்டுக்குள்தான் வரும். கூரைக் குழாயில் பழுதாவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்.

இரண்டாவது வேலை தரைக்குக் கீழே. ஷவர் பகுதி டைல்ஸை உடைத்து, கிண்ண வகையை எடுத்தெறிந்துவிட்டு, ஆழமான வளைவுக் குழாய் வைத்தார். ஷவர் வடிகாலுக்கென்று தனியாக ஒரு சிறு காற்றுக்குழாயை எடுத்து, சுவரோரமாக உயர்த்தி, கைகழுவும் தொட்டியின் விளிம்பைவிட உயரமான இடத்தில் பெரிய காற்றுப்போக்கியோடு இணைத்தார். ஏன் அவ்வளவு உயரம்? என்றாவது கீழே குழாய் அடைத்துக்கொண்டால், கழிவுநீர் காற்றுக்குழாய் வழியாகத் திருட்டுத்தனமாக வடியும், அடைப்பு வெளியே தெரியாது, காற்றுக்குழாயும் அழுக்கேறிக் கெடும். உயரத்தில் இணைத்தால் நீர் முதலில் தரையில் எட்டிப்பார்த்து நம்மை எச்சரிக்கும். படுக்கையாகச் செல்லும் கழிவுக் குழாயை 40க்கு 1 என்ற சரிவில் வைத்தார். அதாவது ஒரு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர்.

மூன்றாவது வேலை தரைச் சரிவு. அறைத்தரையும் குளியலறைத் தரையும் ஒரே மட்டமாக வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு, குத்தகையாளர் உண்மையிலேயே எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருந்தார். குளித்த நீர் வடிகாலுக்குப் போகாமல் கூடத்தை நோக்கி வந்தது. வாசல் மட்டமாக இருக்கலாம், அங்கிருந்து ஷவரை நோக்கித் தரை சரிய வேண்டும். மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் வைத்தார். அதற்கும் குறைந்தால் நீர் தேங்கும், பாசி பிடித்து வழுக்கும். மிகக் கூடினால் வாக்கர் நிலைகொள்ளாது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மொகஞ்சதாரோ மக்கள் குளியல் தளத்தைச் செங்கல்லால் நெருக்கமாகப் பாவி, வடிகாலை நோக்கிச் சரித்திருந்தார்கள். வரலாற்றுப் பாடத்தில் நாம் இதைப் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறோம், வீட்டில் வேலை நடக்கும்போது மட்டச்சட்டத்தை வைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

டைல்ஸ் பதிக்கும் முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசினார்கள். அந்தப் பூச்சு வடிகாலின் வாய்க்குள் இறங்கி ஒட்டியிருக்க வேண்டும். வாயைச் சுற்றி விளிம்போடு நின்றுவிட்டால், டைல்ஸுக்குக் கீழே ஊறும் நீர் வழியின்றித் தேங்கும். பூச்சு காய்ந்தபின் வடிகாலை அடைத்துத் தரையில் நீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டார்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு வைத்தோம். மறுநாள் கோடும் நீரும் ஒன்றாக இருந்தன. இந்தச் சோதனை முதல் வேலையில் நடக்கவே இல்லை. மொத்தச் செலவு 2,300 ரிங்கிட். குத்தகையாளர் அதில் ஒரு காசும் ஏற்கவில்லை.

சிங்கப்பூரில் வாழும் அன்பர்களுக்கு ஒரு சொல். வீவக வீட்டில் உங்கள் தரை வடிகாலின் வளைவு, பெரும்பாலும் கீழ்வீட்டுக் குளியலறையின் கூரைக்கடியில் தொங்கும். நீங்கள் உடைத்தால் அவர் வீட்டில் ஒழுகும். மேல்வீட்டுத் தரை கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால், சீர்செய்யும் பொறுப்பு இரு வீட்டாருக்கும் கூட்டாக உண்டு. புதிய வீடுகளில் கட்டடம் முடிந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை, சுவர் டைல்ஸை உடைத்து மாற்ற வீவக இடமளிப்பதில்லை. அங்குள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெடாதிருக்கவே இந்த விதி. காற்றுப்போக்கிக் குழாய் பல வீடுகளுக்கும் பொதுவானது. அழகு கருதி அதைத் தொட வேண்டாம். மலேசியாவில் வேலைக்கு ஆள் அமர்த்துமுன், தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி பெற்றவரா என்று கேளுங்கள். கூடவே ஒரு கேள்வி: “காற்றுக்குழாய் எங்கே போகிறது?” அதற்கு அவர் சொல்லும் விடையிலேயே அவருடைய திறம் தெரிந்துவிடும்.

இந்த அனுபவத்தை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பயன்படுத்தினேன். மீன்தொட்டிக் கடையில் விற்கும் ஒளி ஊடுருவும் குழாயை இரண்டடி வாங்கி, யு வடிவில் வளைத்து அட்டையில் கட்டினேன். சிவப்புச் சாயம் கலந்த நீரை வளைவில் நிரப்பினேன். ஊசியில்லாத பெரிய பீச்சாங்குழலை ஒரு முனையில் பொருத்தி ஒரு மாணவர் இழுத்தார். சிவப்பு நீர் மளமளவென்று ஏறி வெளியேறியது, வளைவு காலியாயிற்று. மீண்டும் நீர் நிரப்பி, பீச்சாங்குழலுக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு துளையிட்டோம். இப்போது எவ்வளவு இழுத்தாலும் துளை வழியாகக் காற்றுதான் வந்தது, நீர் அசையவில்லை. துளையை விரலால் மூடினால் நீர் ஏறும், எடுத்தால் இறங்கும். ஒவ்வொருவரும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். மணியடித்தும் வரிசை குறையவில்லை. வாயால் உறிஞ்சவிடாதீர்கள் என்பதை மட்டும் சக ஆசிரியர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். சாய நீர் யார் வயிற்றுக்குள் போகும் என்று சொல்ல முடியாது.

பள்ளிக் கழிப்பறைகளுக்கும் இதில் பாடமுண்டு. ஆண்டிறுதி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கழிப்பறை நாறுவதைக் கண்டு துப்புரவுப் பணியாளரைக் கடிந்துகொள்வோம். அவர் கழுவித்தான் வைத்திருப்பார். வாரக்கணக்கில் யாரும் நீர் ஊற்றாததால் வளைவில் இருந்த நீர் ஆவியாகிப் போயிருக்கும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாக இருந்தது. விடுமுறையின் நடுவிலும் பள்ளி திறப்பதற்கு முன்தினமும் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி நீர் ஊற்றச் சொன்னால் போதும். நீண்ட விடுமுறையாயின், நீர் ஊற்றியபின் இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டால், அது மேலே படர்ந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு வளருமே என்று பெற்றோர் கேட்பது நியாயமே. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அன்றாடம் புழங்கும் வடிகாலில் நீர் மாறிக்கொண்டே இருப்பதால் அங்குச் சிக்கல் குறைவு. புழங்காத வடிகாலில் வாரத்திற்கொருமுறை நீர் ஊற்றிப் பழைய நீரை அடித்துச் செல்லவிடலாம், அல்லது கொசுத்தடுப்பு மூடி பொருத்தலாம். கொசுவுக்கு அஞ்சி வடிகாலை வறளவிடுவது மட்டும் வேண்டாம்.

அம்மா இப்போது மீண்டும் நாளுக்கு இரண்டு முறை குளிக்கிறார். எங்கள் அடுக்களைக்குப் பின்னால் இன்னொரு சிறு குளியலறை உண்டு. தீபாவளிக்கு உறவினர் வந்தால்தான் அதைத் திறப்போம். அதன் வடிகாலைக் கவனிக்கும் பொறுப்பை அம்மா தாமே எடுத்துக்கொண்டார். வாரக் கணக்கெல்லாம் தமக்கு நினைவில் நிற்காது என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்து வேறு கணக்கு வைத்திருக்கிறார். அமாவாசைக்கு ஒரு வாளி, பௌர்ணமிக்கு ஒரு வாளி, இரண்டு அட்டமிக்கும் ஆளுக்கொரு வாளி. வாளியைத் தூக்குவது என் மகள். பாட்டி வாக்கரைப் பிடித்தபடி வாசலில் நின்று, ‘குபுக்’ ஓசை வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.